உப்பளத்தில் கட்டப்போகும் வீடு

ஊரிலிருந்து உறவினர் யார் மும்பைக்கு வந்தாலும் கடல் காட்ட நாம் அழைத்துப் போகும் இடங்கள் மூன்று: மெரீன் டிரைவ், ஜுஹு, ஹாஜி அலி. மூன்றும் மேற்குப் பக்கம். சூரியன் மறைவதைப் பார்க்கலாம், சுண்டல் தின்னலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மும்பையை மும்பை ஆக்கிய கடல் அது அல்ல. கிழக்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், அலையடிக்காமல் சேற்று நிறத்தில் கிடக்கிறதே, நம்மில் பலர் வாஷி பாலத்தின் மேல் லோக்கல் ரயிலில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்தக் கடல்தான். கப்பல்கள் வந்து நின்றது அங்கேதான். மேற்கிலிருந்து அடிக்கும் மழைக்காலக் காற்றைத் தீவு தன் முதுகில் வாங்கிக்கொண்டு மடியில் கப்பல்களைக் காத்தது. அந்த மடி முழுவதும் கழியும் சதுப்பும் கண்டல் மரங்களும். இந்தக் கட்டுரை அந்த மடியைப் பற்றியது. நம்மவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

1661-ல் போர்ச்சுக்கீசியர் தங்கள் இளவரசியின் சீதனமாக இங்கிலாந்து அரசருக்குக் கொடுத்தது ஒரு நகரத்தை அல்ல. ஏழு தீவுகளையும் இடையே ஏறி இறங்கும் கழிகளையும். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு குத்தகைக்கு 1668-ல் அது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அதற்குப்பின் நடந்ததெல்லாம் ஒரே வேலைதான்: தூர்ப்பது. வொர்லிக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் கடல் உள்ளே வந்த வாயை 18ஆம் நூற்றாண்டில் கவர்னர் ஹார்ன்பி காலத்து அணை அடைத்தது. பிறகு சயானுக்கு ஒரு பாதை, 1845-ல் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே ஒரு பாதை. 1860களில் பருத்தி விலை ஏறியபோது ஊரே பங்குகள் வாங்கிக் கடலைத் தூர்க்கக் கிளம்பி, 1865-ல் விலை விழுந்ததும் பாதி ஊர் திவாலானது. 1873-ல் துறைமுக டிரஸ்ட், 1875-ல் சசூன் டாக், 1880-ல் பிரின்ஸஸ் டாக், 1888-ல் விக்டோரியா டாக், 1914-ல் அலெக்சாண்டிரா டாக். 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்தும் பஞ்சுப்பொதியும் ஏற்றிவந்த கப்பல் விக்டோரியா டாக்கில் வெடித்துச் சிதறிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இத்தனையும் கிழக்குப் பக்கத்தில் நடந்த வரலாறு. ராணியின் கழுத்துமாலை என்று நாம் புகழும் விளக்கு வரிசையெல்லாம் பின்னால் வந்த அலங்காரம்.

இனி நம்மவர்கள் கதைக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர்கள் வந்து குடியேறிய இடம் தாராவி. ஏன் தாராவி? நகரத்தார் மூக்குக்கு எட்டாத இடத்தில் அந்தத் தொழில் இருக்க வேண்டும். பாந்த்ராவில் மாடடிக்கும் தொட்டி இருந்தது. நடுவில் மாஹிம் கழியின் சேற்று நிலம் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. அங்கே முன்பே இருந்தவர்கள் கோலி மீனவர்கள். அவர்களுடைய பழைய கோலிவாடாக்களில் தாராவியும் ஒன்று. சேறும் கண்டலும் நிறைந்த கழியில் அவர்கள் மீனும் நண்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும், பின்னால் வந்த எல்லோருமாகச் சேர்ந்து தேங்காய் மட்டையும் மண்ணும் குப்பையும் கொட்டி அந்தக் கழியை மேடாக்கினார்கள். சர்க்கார் நிலம் கொடுத்தது என்று சொல்வதைவிட, நிலத்தையே செய்துகொண்டார்கள் என்பதுதான் பொருந்தும். என் அப்பா காலத்தில்கூட வீட்டுக்குள் ஓரடி ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும்.

தாராவியில் 'காலா கில்லா' பஸ் டிப்போ எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பக்கத்திலேயே, குப்பைக்கும் கொட்டகைகளுக்கும் நடுவில், ஒரு கருங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. 1737-ல் கட்டியதாக அதன் கல்வெட்டு சொல்கிறது. மித்தி நதிக்கரையில், அக்கரையிலிருந்த போர்ச்சுக்கீசியரையும் மராட்டியரையும் கண்காணிக்கக் கம்பெனிக்காரர்கள் கட்டிய காவல் கோட்டை அது. இன்று கோட்டையின் மேல் நின்று தேடினால் நதி எங்கே என்றே தெரியாது. கோட்டை நகரவில்லை, கரைதான் நகர்ந்திருக்கிறது. நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாண்டியர் துறைமுகமான கொற்கையிலிருந்து கடல் இன்று பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால் கொற்கையில் அதைச் செய்தது தாமிரபரணி கொண்டுவந்த வண்டல். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கே லாரி செய்தது. சில பத்தாண்டுகளில் முடிந்துவிட்டது.

மித்தியை நதி என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. விஹார் ஏரியும் போவாய் ஏரியும் நிரம்பி வழிவதில் பிறந்து, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிம் கழியில் கலக்கும் ஆறு அது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை அதன் மேல் போகிறது. குர்லாவில் பட்டறைகள் அதன் கரையைத் தின்றன. கடைசியில், கடலேற்றத்தின்போது நீர் விரிந்து நிற்க இருந்த கண்டல் காட்டில் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் எழுந்தது. 1977-ல் அந்தப் பகுதிக்குத் திட்டம் போடும் அதிகாரம் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் கொடுக்கப்பட்டது. சுமார் 370 எக்டேர். வங்கிகள், வைரச் சந்தை, பங்குச் சந்தை எல்லாம் வந்தன. நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் கழியை மறித்துக் குடிசை போட்டவனை ஆக்கிரமிப்பாளன் என்றார்கள், அதே கழியை மறித்துக் கண்ணாடி மாளிகை கட்டியதை வளர்ச்சி என்றார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2005 ஜூலை 26 அன்று கணக்குத் தீர்ந்தது. சாந்தாகுரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நேரத்தில் கொலாபாவில் பதிவானது சுமார் 73 மட்டுமே. தெற்கே கோட்டுப் போட்டவர்கள் கடைத்தெருவுக்குப் போய்வந்த அதே மாலையில் வடக்கே குர்லா, கலீனா, சயான், தாராவி, சக்கி நாக்கா எல்லாம் கழுத்தளவில் நின்றன. வானம் கொட்டிய நேரத்தில் கடலும் ஏறியிருந்தது. கோலிகள் இதற்கு பர்தி, ஓஹோட்டி என்று பெயர் சொல்வார்கள்: ஏற்றம், வற்றம். மும்பையின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று, அதுவும் வற்றம் நேரத்துக்கென்று கணக்கிட்டுக் கட்டியவை. ஏற்றத்தின்போது அவற்றின் வாய் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் கடல் உள்ளே வரும். அந்த ஆறு மணி நேரம் மழைநீர் எங்காவது காத்திருக்க வேண்டும். காத்திருக்க இருந்த இடம்தான் சதுப்பும் உப்பளமும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் நம் வீட்டுக் கூடத்தில் காத்திருக்கிறது. அந்த வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த ஆண்டே பம்பாய் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் கண்டல் மரங்களை வெட்டுவதைத் தடுத்தது. 2018-ல் கொடுத்த தீர்ப்பில், கண்டலை அழிப்பது மக்களின் வாழும் உரிமையையே மீறுவது என்று சொன்னது. 2012-ல் கண்டலுக்கென்றே வனத்துறையில் ஒரு தனிப்பிரிவு வந்தது. 2015-ல் தானே கழியில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் அந்தக் கழி ராம்சர் பட்டியலில் ஏறியது. நம் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் பட்டியலில் ஏறிய அதே ஆண்டு. இவையெல்லாம் நல்ல செய்திகள். ஆகவே கண்டல் பிழைத்துக்கொண்டது என்று நினைக்கத் தோன்றும். பெருமளவு உண்மையும்கூட; கிழக்கு விரைவுச் சாலைக்கு அப்பால் விக்ரோலியிலிருந்து ஐரோலி வரை பச்சைப் பசேலென்று இருக்கிறது.

ஆனால் உப்பளத்துக்கு அந்தக் காவல் இல்லை. உப்பளம் என்றால் தூத்துக்குடிக்காரர்களுக்கும் வேதாரண்யத்துக்காரர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தில் மதகு திறந்து கடல்நீரை உள்ளே விட்டு, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காய்ச்சி எடுப்பது. இங்கேயும் அதேதான். காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட், வடாலாப் பக்கங்களில் ஆக்ரி சமூகத்தார் வழிவழியாகச் செய்த தொழில். கோடையில் உப்பு, மழைக்காலத்தில் பாத்திகளில் மழைநீரும் கடல்நீரும் நிற்கும். இந்த நிற்பதுதான் ஊருக்கு லாபம்; உப்பு விலை அதில் சின்னப் பங்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்தது நம் எல்லோருக்கும் பாடப் புத்தகத்தில் உண்டு. அதே ஆண்டு வடாலா உப்பளத்தில் பம்பாய் மக்கள் ஆயிரக்கணக்கில் புகுந்து அடிபட்டு உப்பெடுத்தார்கள். வடாலாவிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், தெரியுமா என்று.

கண்டல் சட்டத்துக்குள் வந்தது, உப்பளம் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், ராம்சர் உடன்படிக்கை தன் வகைப்பாட்டில் உப்பளத்தையும் சதுப்புநிலமாகவே எண்ணுகிறது. நம் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு சதுப்புநில விதிகளோ, உப்பெடுக்க மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகள் சதுப்புநிலம் ஆகா என்று விலக்கிவிட்டன. தண்ணீருக்குத் தெரியுமா தான் நிற்பது சட்டப்படி சதுப்பா இல்லையா என்று? இந்த ஓட்டை வழியாகத்தான் 2024-ல் ஒரு முடிவு வந்தது. காஞ்சூர், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மாநில அரசுக்கு மாற்ற மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. எதற்காக? தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறும் தகுதி இல்லாதவர்களுக்கு வாடகை வீடுகளும் மலிவு விலை வீடுகளும் கட்ட.

தகுதி இல்லாதவர் என்றால் யார்? 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததாகக் காகிதம் காட்ட முடிந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. பின்னால் வந்தவரும், மாடியில் குடியிருப்பவரும் வெளியே. தாராவியை அறிந்தவர்களுக்குத் தெரியும், மாடி என்பது யார் என்று. கீழே அப்பா, மேலே கல்யாணமான மகன்; கீழே பட்டறை, மேலே ஊரிலிருந்து வந்த மச்சினன் குடும்பம். நாற்பது வருடம் மாடியில் இருந்தவரும் உண்டு. அதில் நம்மவர் தொகை கொஞ்சமல்ல.

இப்போது நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் கருத்தை வாசகர் எடைபோட முடியாது. தாராவியில் பிறந்து வளர்ந்த நான் இருபத்தைந்து ஆண்டுகளாக முலுண்ட் கிழக்கில் குடியிருக்கிறேன். எங்கள் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து அந்த உப்பளம் தெரியும். 2024-ல் இந்தச் செய்தி வந்ததும் எங்கள் பகுதியில் கூட்டம் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நானும் போனேன். வெள்ளம், கடல், பறவை என்று மைக்கில் பேசினார்கள். மைக்கை அணைத்த பிறகு பேசியது வேறு. "தாராவிக்காரன் எல்லாம் இங்கே வந்துட்டா நம்ம பிளாட் விலை என்னாகும், அண்ணாச்சி?" என்று என்னிடமே கேட்டார் ஒருவர். தமிழில் கேட்டார். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தோல் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். நான் பதில் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வதே அதற்கு மரியாதை கொடுப்பதாகும்.

மறுவாரம் தாராவிக்குப் போனேன். என் சித்தி இன்னும் மாடியில்தான் இருக்கிறாள். இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். அவளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. உப்பளத்தில் வீடு கட்டக் கூடாது என்பது என் கருத்து என்று சொன்னேன். அவள் கேட்டாள்: "ஏல, எங்கேயோ கிடந்து பறந்து வாற நாரைக்கு அங்கன இடம் இருக்கு, எனக்கு இடம் இல்லையால?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சூழலியல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதனால் என் பதிலை எழுதுகிறேன்.

முதலாவது, இது நாரைக்கும் சித்திக்கும் நடுவில் உள்ள வழக்கு அல்ல. அப்படிக் காட்டுவது யாருக்கோ வசதியாக இருக்கிறது. உப்பளத்தில் அடுக்குமாடி கட்ட வேண்டுமானால் முதலில் மண் கொட்டி மேடாக்க வேண்டும். 256 ஏக்கரை மேடாக்கினால் அதுவரை அங்கே நின்ற தண்ணீர் பக்கத்தில் பள்ளமாக இருக்கும் இடத்துக்குப் போகும். பக்கத்தில் பள்ளமாக இருப்பது எது? காஞ்சூரிலும் பாண்டுப்பிலும் ரயில்பாதை ஓரத்துச் சால்களும் குடிசைகளும்தான். புதிதாக வருகிற ஏழையைக் காட்டி ஏற்கெனவே இருக்கிற ஏழை வீட்டில் தண்ணீர் விடுகிற ஏற்பாடு இது. வந்தவர் நிலையோ? லிப்ட் நின்று, மோட்டார் முழுகி, கீழ்த்தளம் நாறும் இருபது மாடிக் கட்டடத்தின் பராமரிப்புச் செலவை யார் கொடுப்பார்? சேற்றிலிருந்து மேலே வர நம்மவர்களுக்கு நூறு வருடம் ஆயிற்று. மறுபடி ஒரு சேற்றுக்கு அனுப்புவதை மறுவாழ்வு என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, இடமே இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. தாராவி சுமார் 240 எக்டேர். அதில் எவ்வளவு பங்கு விற்பனைக் கட்டடங்களுக்குப் போகிறது என்பதுதான் கேள்வியே தவிர, சித்தியின் 350 சதுர அடிக்கு அதில் இடம் கிடையாது என்பது இயற்கையின் விதி அல்ல. அடுத்து, துறைமுகம். 1989-ல் நாவா சேவாவில் புதிய துறைமுகம் திறந்தபின் கன்டெய்னர் வியாபாரம் பெரும்பாலும் அக்கரைக்குப் போய்விட்டது. ஆனாலும் மும்பையின் மிகப் பெரிய நிலச் சொந்தக்காரர்களில் துறைமுகம் ஒன்று. சசூன் டாக் தொடங்கி வடாலா வரை கிழக்குக் கரை நெடுக கிடங்குகள். பலவற்றில் புறாதான் குடியிருக்கிறது. அந்த நிலமும் ஒரு காலத்தில் தூர்த்ததுதான். ஆனால் தூர்த்து நூறு வருடத்துக்கு மேலாகிக் கெட்டித்துவிட்டது. ஹார்பர் லைன் ரயில் பக்கத்திலேயே ஓடுகிறது. புதிதாக ஒரு பிடி சேற்றையும் மூடாமல் அங்கே வீடு கட்ட முடியும். அங்கே படகுத்துறையும் பூங்காவும் உல்லாச விடுதியும் வரப்போவதாகத் திட்டங்கள் பல வந்து போயின. வாடகை வீடு என்ற சொல் மட்டும் அவற்றில் முன்னால் நின்றதில்லை. மில் நிலங்களில் என்ன நடந்தது என்பது பரேல்காரர்களுக்குத் தெரியும். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடிய மில்களின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர் வீட்டுக்கும், இன்னொரு பங்கு திறந்தவெளிக்கும் என்று 1991-ல் விதி வந்தது. 2001-ல் விதியைத் திருத்திப் பங்கைச் சுருக்கினார்கள். இன்று அங்கே மால் இருக்கிறது. அதாவது, மேடான நல்ல நிலம் வரும்போதெல்லாம் அது வேறு யாருக்கோ; ஏழைக்கென்று யோசிக்கும்போது மட்டும் உப்பளமும் தேவனார் குப்பைமேடும் ஞாபகம் வருகின்றன. என் சித்தி கேட்க வேண்டிய கேள்வி நாரையைப் பார்த்து அல்ல.

நாரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் பார்த்த அதே பூநாரை இனம் இங்கேயும் வருகிறது. கூடவே அதன் சிறிய இனமும் பெருங்கூட்டமாக. கார்த்திகை, மார்கழி வாக்கில் வந்து, மழைக்கு முன் கிளம்பிவிடும். 1990களின் நடுவில்தான் சிவ்ரிச் சேற்றில் இவை கூட்டமாக வரத் தொடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேல் கணக்கிடப்பட்ட ஆண்டுகள் உண்டு. வரக் காரணம் என்ன என்று பறவை அறிஞர்கள் சொல்வதைக் கேட்டால் நமக்குச் சற்று வெட்கமாக இருக்கும். நாம் கழியில் விடும் சாக்கடையின் சத்தில் பாசி பெருகியது. பாசியைத் தின்ன பறவை பெருகியது. அதன் சிவப்பும் அந்த உணவிலிருந்து வருவதுதான். ஆகவே பூநாரை வந்திருப்பதால் கழி சுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 மே மாதம் காட்கோபர் மேல் இறங்கிய விமானத்தில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவை இறந்து தெருவில் விழுந்தன. அன்று எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அழுதார்கள். அந்த அழுகையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பறவைக்காக அழுத வீடுகளில் ஒன்றாவது, தாராவி மாடிக்காரர் எங்கே போவார் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நவி மும்பை அன்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒன்று. வாஷியும் நெருலும் கழிக்கரைக் கிராமங்களையும் உப்பு வயல்களையும் எடுத்து 1970க்குப் பின் திட்டமிட்டு எழுப்பிய ஊர்கள். அங்கே குளம்போல வெட்டி நீரை நிறுத்திவைக்கும் தேக்கங்களை நகர அமைப்பாளர்கள் முதலிலேயே விட்டுவைத்தார்கள். ஏற்றத்தின்போது மழைநீர் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அதே ஊரில் 'கழியைப் பார்த்த வீடு' என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை வாங்குகிறார்கள். பார்வைக்குக் கழி வேண்டும். அடுத்த கட்டடம் அந்தக் கழியிலேயே எழும்பும்போது முதல் கட்டடத்துக்காரர் சண்டை போடுகிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. சண்டையைச் சற்று முன்கூட்டியே போடலாம் என்கிறேன்.

நம் சங்கங்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று செயற்குழு நண்பர் ஒருவர் கேட்டார். "நாம் பொங்கல் வைக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நமக்கெதற்கு அரசியல்?" என்றார். ஐந்திணை என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அதில் ஒரு திணை முழுக்கக் கடற்கரையும் கழியும்தான். கழி, கானல், உப்பங்கழி, ஓதம், அளம் என்று இத்தனை சொல் வைத்திருக்கும் மொழிக்காரர்கள், கண்முன்னால் இருக்கிற கழியைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டால் அது அரசியலாகிவிடுமாம்! பட்டிமன்றத்துக்கே தலைப்பு வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளட்டும். பேச இரு கட்சிக்கும் சரக்கு இருக்கிறது.

உருப்படியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. தாராவியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஊர்க் குப்பை கொட்டிய மேட்டில் மரம் நட்டு வளர்த்து 1994-ல் திறந்த காடு அது. மித்தி கடலில் சேரும் இடத்துக் கண்டலை அங்கிருந்து பார்க்கலாம். சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கொண்டுபோய், வெண்கண்டல் எது, அதன் மூச்சுவேர் எது என்று காட்டி, நெய்தலை அங்கே நின்று நடத்தலாம். புத்தகத்தில் நடத்துவதைவிட நன்றாகப் பதியும். தை, மாசியில் ஐரோலிக்குப் போனால் வனத்துறைப் படகில் பூநாரை பார்க்கலாம். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு நட்சத்திர இரவுக்கு வரும் பாடகரின் ஊதியத்தில் கால்வாசிகூட இராது.

அதைவிட முக்கியமானது ஆட்சேப மனுக்கள். நிலப் பயன்பாட்டை மாற்றும்போதும் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி கேட்கும்போதும் பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வருகிறது. மாடியில் இருக்கும் நம்மவர்களுக்கு அது போய்ச் சேருவதில்லை. சேர்ந்தாலும் எழுதத் தெரிந்தவர் இல்லை. சங்கத்தில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் வக்கீல்களும் எத்தனை பேர்! அவர்கள் மாதம் ஒரு ஞாயிறு தொண்ணூறடிச் சாலையில் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். மனு என்ன சொல்ல வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். "தாராவிக்காரர்கள் எங்கள் பகுதிக்கு வேண்டாம்" என்று முலுண்ட்காரர்கள் எழுதுவதும், "எங்களுக்கு எங்காவது வீடு கொடுங்கள்" என்று தாராவிக்காரர்கள் எழுதுவதும் சேர்ந்தால் உப்பளம்தான் கிடைக்கும். இரண்டு ஊரும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும்: மாடிக்காரருக்கும் வீடு வேண்டும், அது தாராவியிலோ துறைமுக நிலத்திலோ வேண்டும், உப்பளம் உப்பளமாக இருக்க வேண்டும்.

அந்த மனுவின் முதல் படியை மராத்தியில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்ப் படியும் உண்டு. சித்தி படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, துறைமுகம் என்று போட்ட இடத்தில் எந்த ஸ்டேஷன் பக்கம் என்று தெளிவாக எழுதச் சொன்னாள், வடாலாவா காட்டன் கிரீனா என்று. இரண்டையும் சேர்த்திருக்கிறேன். முலுண்டில் இதுவரை பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிளாட் விலை கேட்ட அந்த நண்பர் இன்னும் போடவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி அவர் வீட்டுக்குப் போகிறேன்.